எவோ 9: 4,000 ஆர்பிஎம் வரை தூங்குகிறது. இது டர்போ லேக்தானா?

மூணாவது_கியர்

வண்டி மிட்சுபிஷி லான்சர் எவோ 9. என்ஜின் 4ஜி63, டர்போ, கம்பெனியிலிருந்து வந்த அதே டிடி05. மாற்றியது மூன்றுதான்: 3 இன்ச் டவுன்பைப், தடிமன் கூடிய இன்டர்கூலர், அதோடு வந்த அலுமினிய பைப் செட். மூன்றாவது கியரில் 2,000லிருந்து முழுசா மிதிச்சா 4,000 கிட்ட வந்துதான் உதைக்குது. பால் பேரிங் டர்போ போடலாம்னு ஒரு யோசனை, ஆன்டி-லேக் மேப் (என்ஜின் கம்ப்யூட்டர் செட்டிங்) போடலாம்னு இன்னொண்ணு. எதை முதல்ல செய்யலாம்?

டைனோ_துரை

இரண்டும் வேண்டாம். முதலில் அளக்கணும்.

லேக் என்று எல்லாரும் சொல்வது இரண்டு வேறு சங்கதி. ஒன்று பூஸ்ட் த்ரெஷோல்ட். பூஸ்ட் என்றால் புகையால் சுழலும் டர்போ என்ஜினுக்குள் ஏற்றும் காற்றழுத்தம். அந்த ஆர்பிஎம்முக்குக் கீழே என்ஜின் தள்ளும் புகை டர்பைனைச் சுழற்றவே போதாது. எவ்வளவு நேரம் மிதித்துக்கொண்டு நின்றாலும் பூஸ்ட் வராது. இன்னொன்றுதான் அசல் லேக். ஆர்பிஎம் போதுமான அளவு இருக்கிறது, ஆனால் ஆக்சிலரேட்டரை மிதித்த நொடிக்கும் பூஸ்ட் முழுசாக வரும் நொடிக்கும் நடுவே இடைவெளி. முதலாவதை ஆர்பிஎம்மில் அளக்கணும், இரண்டாவதை வினாடியில். த்ரெஷோல்ட் என்றாலே வாசப்படிதானே. 2,000த்தில் மிதித்துவிட்டுக் காத்திருக்கிறவர் வாசப்படிக்கு வெளியே நிற்கிறார், அதற்கு டர்போவைத் திட்டிப் பயனில்லை.

இரண்டு லாக் எடுங்க. ரேஸ் டிராக்கிலோ டைனோவிலோ (வண்டியை உருளைமேல் ஓட்டி அளக்கும் கருவி), ரோட்டில் வேண்டாம்.

முதல் லாக்: மூன்றாவது கியர், 2,000 ஆர்பிஎம், ஒரே மிதியில் முழு த்ராட்டில், 6,500 வரை. 1 பார் பூஸ்ட் எந்த ஆர்பிஎம்மில் வருது என்று குறிக்கணும்.

இரண்டாவது: அதே கியரில் 4,500ஐக் கால்வாசி மிதியில் நிலையாகப் பிடிங்க, பூஸ்ட் பூஜ்யத்துக்குப் பக்கம் இருக்கணும். பிறகு முழுசா மிதிங்க. இலக்கு பூஸ்ட்டில் 90 சதவீதம் வர எத்தனை வினாடி?

லாக்கில் இருக்க வேண்டியவை: ஆர்பிஎம், இன்டேக் மேனிஃபோல்ட் அழுத்தம், த்ராட்டில், வேஸ்ட்கேட் ட்யூட்டி (டர்பைனைத் தாண்டிப் புகையை விடும் கதவை எவ்வளவு மூடிப் பிடிக்கிறது என்ற சதவீதம்), இக்னிஷன் டைமிங், வைட்பேண்ட் சென்சாரின் காற்று-பெட்ரோல் விகிதம். மலிவான ப்ளூடூத் ஓபிடி அடாப்டர் வேண்டாம். ஆறு அளவுருவைச் சேர்த்துக் கேட்டால் அது வினாடிக்கு ஒன்றிரண்டு முறைதான் பதில் தரும். அரை வினாடி லேக்கை அதில் பிடிக்க முடியாது. வினாடிக்கு 20 வாசிப்பாவது வேணும்.

சுக்கான்

துரை அண்ணே, இதெல்லாம் எதுக்கு? இன்டர்கூலர் பெரிசாயிடுச்சு, பைப்பும் பெரிசு, உள்ளே நிரப்ப வேண்டிய காற்று அதிகம். அதான் லேக். பழைய இன்டர்கூலரை மாட்டினா முடிஞ்சது.

இன்கோனல்

அந்த நம்பிக்கை ரொம்பப் பேருக்கு இருக்கு, கணக்குப் போட்டால் நிற்காது.

2 லிட்டர் என்ஜின் 4,000 ஆர்பிஎம்மில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை தன் கொள்ளளவை உறிஞ்சும். நிமிடத்துக்கு 4,000 லிட்டர். நிரம்பும் திறன் 90 சதவீதம் என்று வைத்தால் வினாடிக்குச் சுமார் 60 லிட்டர். புது இன்டர்கூலரும் பைப்பும் சேர்ந்து கூடுதலாக 6 லிட்டர் இடம் பிடித்தால், அதில் 1 பார் ஏற்ற இன்னும் 6 லிட்டர் வெளிக்காற்று போதும். என்ஜினின் ஓட்டத்தோடு ஒப்பிட்டால் பத்தில் ஒரு வினாடி. 2,500 ஆர்பிஎம்மில் கூட 0.16 வினாடிதான். இவ்வளவு பெரிய தாமதத்துக்கு இது காரணமே இல்லை.

நேரம் போவது டர்பைன் தண்டு வேகம் எடுப்பதில். எவோவின் டர்போ அளவுள்ள ஒரு ரோட்டருக்கு நிலைமத் திருப்புத்திறன் 0.000025 கிலோகிராம் சதுர மீட்டர் என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். 40,000 ஆர்பிஎம்மில் அதன் சுழற்சி ஆற்றல் 220 ஜூல். 1,20,000 ஆர்பிஎம்மில் 1,970 ஜூல். வேகம் மூன்று மடங்கு, ஆற்றல் ஒன்பது மடங்கு. இடையிலுள்ள 1,750 ஜூலை அரை வினாடியில் கொடுக்க 3.5 கிலோவாட் வேணும். கவனிங்க, இது கம்ப்ரசர் காற்றை அழுத்தச் செலவழித்தது போக மிஞ்ச வேண்டிய உபரி. உபரி 1 கிலோவாட்தான் என்றால் அதே வேலைக்கு 1.75 வினாடி.

எங்கேயாவது காற்றோ புகையோ கசிந்தால் முதலில் அடி வாங்குவது இந்த உபரிதான். பத்து சதவீதக் கசிவு பத்து சதவீத லேக்கோடு நிற்காது, அதற்கு மேலே கெடுக்கும்.

பெரிய டர்போ பற்றி யோசிக்கிறவர்களுக்கு இன்னொன்று. ஒரே வடிவத்தில் சக்கரத்தின் விட்டம் மட்டும் கூடினால் நிலைமம் ஐந்தாம் அடுக்கில் ஏறும். 10 சதவீதம் பெரிசு என்றால் 1.61 மடங்கு. டர்பைன் சக்கரத்துக்கு டைட்டானியம் அலுமினைடு தேடிப் போனதெல்லாம் இதனால்தான். வழக்கமான இன்கோனல் உலோகத்தின் அடர்த்தியில் பாதிதான் இருக்கும். என் பெயரை நானே குறைத்துப் பேசுகிறேன், பரவாயில்லை.

ஃப்ளாட்ஆறு

லேக்குக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த போர்ஷே 930ஐயும் இதே கண்ணாடி போட்டுப் பார்க்கலாம். 1975இல் வந்த 911 டர்போ: 3 லிட்டர், 260 குதிரைத்திறன், நாலே கியர். டர்போ பெரிசு என்பதோடு நிறுத்திவிடுவார்கள், பாதிக் கதை அதற்கு வெளியே இருக்கு. கம்ப்ரஷன் விகிதம் 6.5:1. பூஸ்ட் வராதவரை அது சோர்ந்த 3 லிட்டர் என்ஜின். வந்ததும் வேறு என்ஜின். இரண்டுக்கும் நடுவே இருக்கிற உயரம்தான் ஓட்டுபவருக்கு லேக் என்று படுது. போதாக்குறைக்கு நாலு கியர் என்பதால் ஒவ்வொரு மாற்றத்திலும் ஆர்பிஎம் ரொம்பக் கீழே விழும், திரும்ப வாசப்படிக்கு வெளியே. ஐந்தாவது கியர் 1989இல்தான் வந்தது.

வளைவில் ஆபத்தும் அங்கேதான். வளைவின் நடுவில் மிதிக்கிறீர்கள், ஒன்றும் நடக்கவில்லை, இன்னும் மிதிக்கிறீர்கள். ஸ்டீயரிங் இன்னும் திரும்பியிருக்கும்போது முழு டார்க்கும் பின்சக்கரத்துக்கு வந்து சேரும். பயந்து காலை எடுத்தால் எடை முன்னால் சாய்ந்து, பின்னால் தொங்கும் என்ஜின் வாலைச் சுழற்றிவிடும்.

1973 பிஎம்டபிள்யூ 2002 டர்போவின் கம்ப்ரஷனும் 6.9:1தான். இந்தப் போக்கிலிருந்து விலகிப் போனது சாப் 99 டர்போ. உச்ச பவருக்காகப் பெரிய டர்போ போடாமல் சின்ன டர்பைனும் வேஸ்ட்கேட்டுமாக நடு ஆர்பிஎம்முக்குக் குறி வைத்தார்கள். இன்றைக்கு ரோட்டில் ஓடும் டர்போ கார் எல்லாம் பெரும்பாலும் அந்த வழிதான்.

மூணாவது_கியர்

நன்றி அண்ணே. லாக் எடுக்க ரெண்டு நாள் ஆகும். அதுவரைக்கும் ஆன்டி-லேக் பத்தி யாராவது சொல்லுங்க. எவோவிலேயே அதுக்கான பைப் கம்பெனியிலிருந்து வருதுன்னு கேள்விப்பட்டேன்.

சுக்கான்

வருது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட்டுக்குள்ள நேரா காற்று விடுற வால்வு. மேப் போட்டா பட்டாசு வெடிக்கும், லேக் பூஜ்யம்.

டைனோ_துரை

பட்டாசு வெடிப்பது எங்கே என்று யோசிங்க. காலை எடுத்ததும் த்ராட்டில் முழுசா மூடாமல், அல்லது தனி வால்வு வழியாக, காற்று விடப்படுது. ஸ்பார்க் பிஸ்டன் உச்சியைத் தாண்டி 20, 30 டிகிரி தாமதமாக வருது. எரிதல் சிலிண்டரில் முடியாமல் மேனிஃபோல்ட்டில் முடியுது. டர்பைன் சுழன்றுகொண்டே இருக்கும், உண்மைதான். ஆனால் அந்த வெப்பம் 1,000 டிகிரியைத் தாண்டி எக்ஸாஸ்ட் வால்வு, மேனிஃபோல்ட், டர்பைன் சக்கரம் மூன்றையும் தின்னும். ராலி அணிகள் டர்போவை மாற்றி எறியும் உதிரியாகத்தான் வைத்திருந்தன. அங்கே அதற்கு ஞாயம் இருந்தது: காற்று வழியைக் குறுக்கும் 34 மில்லிமீட்டர் ரெஸ்ட்ரிக்டர் உச்ச பவரைக் கட்டிப்போட்டுவிடும், அப்புறம் வண்டிக்கு வண்டி வித்தியாசம் வளைவிலிருந்து கிளம்பும் டார்க்கில்தான்.

பிரேக் சங்கதியும் இருக்கு, இதை யாரும் சொல்வதில்லை. பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடம் இன்டேக் மேனிஃபோல்ட்டிலிருந்து வருது. த்ராட்டிலைத் திறந்து வைக்கும் ஆன்டி-லேக் ஓடும்போது அந்த வெற்றிடம் இருக்காது. இரண்டு மூன்று மிதியில் பெடல் கல்லாகிவிடும். ரோட்டு வண்டிக்கு இந்த ஒரு காரணமே போதும்.

ரோட்டரி_ராசா

லேக்குக்கு நேர்மையான தீர்வுன்னா சீக்வென்ஷியல் டர்போதான் என்பேன். மாஸ்டா ஆர்எக்ஸ்-7, எஃப்டி. கீழ் ஆர்பிஎம்மில் முழுப் புகையும் ஒரே சின்ன டர்போவுக்கு. 4,500 கிட்ட இரண்டாவது சேரும். சேரும் முன்னமே கொஞ்சம் புகையை விட்டு அதைச் சுழற்றி வைத்திருக்கும். கேஜில் 10, 8, 10 பிஎஸ்ஐ என்று தெரிந்தால் ஆரோக்கியம். நடுவில் வரும் அந்த 8தான் கைமாறும் இடம்.

கோளாறு டர்போவில் வருவதைவிட ஹோஸில் வருவது அதிகம். இன்டேக் மேனிஃபோல்ட் அடியில் சொலினாய்டுகளும் வெற்றிடக் குழாய்களும் எலிக்கூடு மாதிரி. வெப்பத்தில் ரப்பர் அப்பளமாகும். 10, 5, 8 என்று வந்தாலோ, இரண்டாவது வரவே இல்லை என்றாலோ, டர்போவை அவிழ்க்காதீங்க. ஒவ்வொரு ஹோஸாக எடுத்து 4 மில்லிமீட்டர் சிலிக்கான் குழாய் போட்டு, ஒன்வே வால்வுகளை ஊதிப் பார்த்து, சொலினாய்டுக்கு 12 வோல்ட் கொடுத்து 'டிக்' கேட்குதான்னு பாருங்க.

சுக்கான்

அதனாலதான் எல்லாரும் அதைக் கழட்டிட்டு சிங்கிள் டர்போ போடுறாங்க.

ரோட்டரி_ராசா

போட்டுவிட்டு 4,000க்குக் கீழே எதுவும் இல்லைன்னு இங்கதான் வந்து எழுதுறாங்க.

இன்கோனல்

எவோவின் அழகு, அது சிங்கிள் டர்போவிலேயே பாதி வேலையை முடித்துக்கொண்டது. எவோ 4 முதல் ட்வின் ஸ்க்ரோல், அதாவது டர்பைனுக்குப் புகை இரண்டு தனி வழியில் வரும். 4ஜி63இன் எரியும் வரிசை 1-3-4-2. சிலிண்டர் 1 தன் எக்ஸாஸ்ட்டை மூடி முடிக்கும் தறுவாயில் 3 திறக்கிறது. ஒரே குழாயில் விட்டால் 3இன் அழுத்த அலை திரும்பி 1க்குள் புகை தள்ளும், புதுக் காற்றுக்கு இடம் குறையும். ஆகவே 1ஐயும் 4ஐயும் ஒரு ஸ்க்ரோலில், 2ஐயும் 3ஐயும் இன்னொன்றில். ஒவ்வொரு ஜோடிக்கும் இடையே 360 டிகிரி. அலை ஒவ்வொன்றும் மழுங்காமல் டர்பைனைத் தட்டும்.

எனவே மேனிஃபோல்ட் வாங்கும்போது கவனம். ட்வின் ஸ்க்ரோல் டர்போவுக்கு நடுச்சுவர் இல்லாத மலிவான மேனிஃபோல்ட்டைப் போட்டால் இதெல்லாம் போச்சு. நடுச்சுவர் வெடித்திருந்தாலும் அதே கதி. வெளியே சத்தமே வராது என்பதால் கண்டுபிடிப்பதும் கஷ்டம்.

பால் பேரிங் கேட்டிருந்தீங்க. உராய்வு குறையும், தண்டு மெதுவாகச் சுழலும் நிலையில் பலன் தெரியும். ஆனால் அதற்கு எண்ணெய் வழியில் ரெஸ்ட்ரிக்டர் வேணும், பொதுவாக 1 மில்லிமீட்டர் துளை அளவில். அது இல்லாமல் போட்டால் சீல் தாண்டி எண்ணெய் ஒழுகி நீலப் புகை வரும். எண்ணெய்ப் படலத்தில் சுழலும் பழைய ஜர்னல் பேரிங் டர்போவில் ரெஸ்ட்ரிக்டர் போட்டால் பேரிங் செத்துவிடும். இரண்டையும் மாற்றிப் போட்டு அழிப்பவர்கள் உண்டு.

மூணாவது_கியர்

லாக் வந்தாச்சு.

மூன்றாவது கியர், 2,000லிருந்து: 1 பார் வர்றது 3,950 ஆர்பிஎம்மில். உச்சம் 1.05. மேப்பில் இலக்கு 1.3. வேஸ்ட்கேட் ட்யூட்டி 3,000லிருந்தே 100 சதவீதம்.
4,500ல் மிதிச்ச சோதனை: 1.05க்கே 1.5 வினாடி.
காற்று-பெட்ரோல் விகிதம் 3,500ல் 9.9. ஐட்லிங்கில் எல்லாம் சாதாரணம்.

டைனோ_துரை

9.9 சொல்லிவிட்டது. உங்களுக்குக் கசிவு இருக்கு, அது கம்ப்ரசருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவில்.

எப்படி என்றால், எவோவில் காற்றை அளக்கும் சென்சார் டர்போவுக்கு முன்னால், ஏர் ஃபில்டரோடு இருக்கு. உள்ளே வந்த காற்றை அளந்து ஈசியு (என்ஜின் கம்ப்யூட்டர்) பெட்ரோல் ஊற்றுது. அளந்த காற்றில் ஒரு பகுதி வழியில் வெளியே போனால் சிலிண்டருக்கு வருவது குறைவான காற்று, முழுப் பெட்ரோல். அதனால் இவ்வளவு ரிச் (பெட்ரோல் அதிகம்). கசிவு த்ராட்டிலுக்குப் பின்னால் இருந்தால் ஐட்லிங்கில் வெளிக்காற்று உள்ளே வந்து லீன் (பெட்ரோல் குறைவு) ஆகியிருக்கும். எக்ஸாஸ்ட் பக்கக் கசிவு என்றால் பூஸ்ட் தாமதமாகும், விகிதம் இவ்வளவு ரிச் ஆகாது. வேஸ்ட்கேட் மூடாமல் இருந்தாலும் அப்படியே.

பிரஷர் டெஸ்ட் செய்யும் முறை:

என்ஜின் ஆறியிருக்கணும். ஏர் இன்டேக் குழாயைக் கழற்றி, டர்போவின் வாயில் மூடி போடுங்க. பிவிசி குழாய் மூடியில் டியூப் வால்வு ஒன்றைப் பொருத்தினால் போதும், கிளாம்ப் இறுக்கமாக இருக்கட்டும். அழுத்தத்தில் மூடி தெறித்தால் முகத்தில் அடிக்கும், நேர் எதிரே நிற்காதீங்க. கிராங்க்கேஸ் ஆவியை இன்டேக்குக்கு விடும் பிசிவி குழாயையும் ப்ரீதர் குழாயையும் அடைக்கணும். அடைக்காமல் காற்று விட்டால் அது கிராங்க்கேஸுக்குள் போய் எண்ணெய் சீலைத் தள்ளிவிடும். கம்ப்ரசரில் ரெகுலேட்டர் இல்லாமல் தொடாதீங்க. முதலில் 0.3 பார், பிறகு 0.7, கடைசியில் 1.3. சோப்புத் தண்ணீரை ஒவ்வொரு இணைப்பிலும் அடிங்க.

சைலன்சர் வழியாக 'ஸ்ஸ்' என்று வந்தால் பதற வேண்டாம். ஏதோ ஒரு சிலிண்டரில் இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டு கிராங்க்கை ஸ்பானரால் கொஞ்சம் திருப்பினால் நிற்கும்.

பம்பருக்கு அடியில் இன்டர்கூலரோடு சேரும் சிலிக்கான் கப்ளரை முதலில் பாருங்க. கசியும் இடத்தில் பிசிவி எண்ணெய் ஆவி வெளியே வந்து தூசியோடு சேர்ந்து கறுப்பாகப் படிந்திருக்கும். டைவர்ட்டர் வால்வின் ஃப்ளாஞ்ச் கேஸ்கெட் இரண்டாவது.

இன்கோனல்

இன்டேக் பக்கம் சுத்தம் என்று வந்தால் மட்டும் அடுத்தது: வாக்வம் கிளீனரின் ஊதும் பக்கத்தை சைலன்சரில் சொருகி, மேனிஃபோல்ட், டர்போ ஃப்ளாஞ்ச்சில் சோப்புத் தண்ணீர். பிறகு வேஸ்ட்கேட் ராடின் ப்ரீலோட். ராடைக் கழற்றினால் அதன் ஓட்டை, ஃப்ளாப் கையிலுள்ள பின்னை (pin) எட்டாமல் 2, 3 மில்லிமீட்டர் முன்னாலேயே நிற்கணும், இழுத்துத்தான் மாட்ட வரணும். தானாக விழுந்தால் ஃப்ளாப் லேசான புகைக்கே திறக்கும். அதற்கும் பிறகு மைவெக் (இன்டேக் வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் அமைப்பு) எண்ணெய் வால்வின் ஃபில்டர்; அது அடைத்தால் இன்டேக் கேம் முன்னால் நகராது, டர்போ வேகம் எடுப்பது தாமதமாகும்.

ஃப்ளாட்ஆறு

இடையில் ஒரு செய்தி, எவோவுக்குச் சம்பந்தமில்லை. 2024இல் வந்த 911 கரேரா ஜிடிஎஸ்ஸில் கம்ப்ரசருக்கும் டர்பைனுக்கும் நடுவில், தண்டிலேயே மின்மோட்டார். புகைக்காகக் காத்திராமல் மோட்டாரே சுழற்றும். உபரி புகை இருந்தால் அதே மோட்டார் 11 கிலோவாட் வரை மின்சாரம் எடுக்கும், வேஸ்ட்கேட்டே கிடையாது. ஃபார்முலா 1இல் 2014 முதல் 2025 வரை இருந்தது இந்த ஏற்பாடுதான். இன்கோனல் சொன்ன 3.5 கிலோவாட் உபரியைப் பேட்டரி கொடுத்துவிடுது.

சுக்கான்

பேட்டரி செத்தா?

ஃப்ளாட்ஆறு

930 ஆகிவிடும் :)

மூணாவது_கியர்

துரை அண்ணே, 0.7 பார் வரைக்கும் சத்தமே இல்லை. 1.1ல் டிரைவர் பக்கம் கீழ் கப்ளர் பைப் மேலேயே நகர ஆரம்பிச்சு ஒரு ஓரமா குமிழ் விட்டுது. நீங்க சொன்ன கறுப்பும் இருக்கு. பைப்பைக் கழட்டிப் பார்த்தா நுனியில் உருட்டு விளிம்பே இல்லை, வழவழன்னு வெட்டி விட்டிருக்காங்க. உள்ளே எண்ணெய்ப் படலம்.

டைனோ_துரை

விளிம்பு இல்லாத அலுமினியம், எண்ணெய், ஸ்க்ரூ கிளாம்ப். நகராமல் என்ன செய்யும். பைப் நுனியைச் சுற்றி வெல்டிங்கில் மூன்று நான்கு புள்ளி வைத்து மழுக்குங்க, அல்லது விளிம்பு உருட்டித் தரும் பட்டறையில் கொடுங்க. பிரேக் கிளீனரால் இரண்டு பக்கமும் துடைங்க. டி-போல்ட் கிளாம்ப், விளிம்புக்கு உள்பக்கமாக, கப்ளர் ஓரத்திலிருந்து 5 மில்லிமீட்டர் தள்ளி. மாட்டும்போது வழுக்குவதற்கு எண்ணெயோ கிரீஸோ தடவ வேண்டாம். முடிக்கு அடிக்கும் ஹேர் ஸ்ப்ரே போதும். ஈரமாக இருக்கும்போது வழுக்கும், காய்ந்ததும் பிசின் மாதிரி பிடிக்கும். இரண்டு முறை சூடாகி ஆறியபின் கிளாம்ப்பை மறுபடி இறுக்கிப் பாருங்க.

மூணாவது_கியர்

முடிச்சாச்சு. 1.4 பாரில் பத்து நிமிஷம், குமிழ் இல்லை. புது லாக்: 1 பார் 3,150ல். உச்சம் 1.32. 4,500 சோதனை 0.6 வினாடி. விகிதம் 11.1. வேஸ்ட்கேட் ட்யூட்டி 60க்கு இறங்கிடுச்சு.

ஒரே சந்தேகம். 6,500ல் பூஸ்ட் 1.1க்கு இறங்குது. இன்னும் எங்கயாவது கசியுதா?

டைனோ_துரை

இல்லை. கசிவு என்றால் விகிதம் மறுபடி ரிச் ஆகணும், மேல் ஆர்பிஎம்மிலும் 11 சுமாரில்தானே இருக்கு? அந்த டர்பைன் ஹவுசிங்கின் வாய் சின்னது. 3,150ல் 1 பார் கொடுப்பதும் அதுதான், 6,500ல் புகையை வேகமாக வெளியே விட முடியாமல் திணறுவதும் அதுதான். மேலே பிடித்து நிறுத்த ட்யூட்டியை ஏற்றினால் எக்ஸாஸ்ட் பின்னழுத்தமும் இன்டேக் சூடும் ஏறும், நாக் (பெட்ரோல் கலவை தானாக வெடிப்பது) வரும். மேப்பில் 6,000க்கு மேல் இலக்கை 1.1 என்றே எழுதிவிடுங்க.